நோய்க்கு முன் வந்த புள்ளிகள்

நவம்பர் 4, திங்கள்

குலை நோய்ச் சோதனைப் பாத்தி விதைத்தாயிற்று. நூற்றிருபது வரிசை, ஒவ்வொன்றும் அரை மீட்டர். நான்கு ஓரமும், பத்து வரிசைக்கு ஒரு முறையும், நோய்க்கு உடனே விழுந்துவிடும் ஒரு பழைய ரகம். அது முதலில் நோய் வாங்கி மற்றவற்றுக்குக் கொடுக்க வேண்டும். அதற்காகவே அதை வருடா வருடம் விதைக்கிறோம்.

விதைகள் தலைமையகத்திலிருந்து எண் மட்டும் போட்ட உறைகளில் வருகின்றன. எந்த எண் எந்த நெல் என்பது மதிப்பெண் போடுகிறவனுக்குத் தெரியக் கூடாது. பட்டியல் அங்கே பூட்டில் இருக்கும். 63ஆம் உறையைப் பிரித்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உமி நுனியில் அந்த ஊதா நிறம் மலைச்சிவப்பனுக்கு மட்டும்தான் உண்டு. அதிலிருந்து பிறந்த நெல் ஒன்றுதான் இந்த வருடம் புது ரகமாக வெளியீட்டுக்கு நிற்கிறது. எபனேசரின் 417.

மாலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. தூக்கி வைத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

நவம்பர் 6, புதன்

மனதில் கிடப்பதை ஒரு தடவை எழுதிவிடுகிறேன். பிறகு எழுதப் போவதில்லை.

மலைச்சிவப்பன் மலையடிவாரத்துப் பழைய சிவப்பு நெல். எந்தப் பனியிலும் அதற்குக் குலை நோய்ப் பூஞ்சை பிடித்ததில்லை. எல்லோரும் அதில் ஒரு காவல் மரபணுவைத் தேடினார்கள். தேடியது தவறு என்று கண்டுபிடித்தது 2009இல், எங்கள் பழைய ஆய்வகத்தில். அதன் பலம் ஒற்றை மரபணுவில் இல்லை. ஒரு புரதத்தில் இருந்தது. அது மரபணு இழையில் குறிப்பிட்ட இடங்களில் போய் உட்கார்ந்து, தூங்கிக்கொண்டிருக்கும் நாற்பது ஐம்பது மரபணுக்களை ஒரே நேரத்தில் எழுப்பிவிடும். ஒன்று செல் சுவரைத் தடிக்க வைக்கும். ஒன்று பூஞ்சைக்கு விஷம் காய்ச்சும். ஒன்று, பூஞ்சை நுழைந்த இடத்துச் செல்லையே கொன்று, அதற்குத் தின்ன எதுவும் கிடைக்காமல் செய்யும்.

கண்டுபிடித்தவன் நான். அப்போது எபனேசரும் நானும் ஒரே அறை, ஒரே ஸ்கூட்டர். கட்டுரை வெளிவந்தபோது முதல் பெயர் அவனுடையது. என் பெயர் ஆறாவது. பதினைந்து வருடமாக நாங்கள் பேசுவதில்லை. கோப்புகள் பேசிக்கொள்கின்றன. அவன் மூன்று கடிதம் எழுதினான். பதில் எழுத நேரம் இருக்கவில்லை. அவன் இப்போது இயக்குநர். நான் பாத்தியில் புள்ளி எண்ணுகிறேன்.

நவம்பர் 12, செவ்வாய்

முளைப்பு நன்றாக இருக்கிறது. பேச்சித்தாய் களை எடுத்தாள். இருபது வருடமாக இந்த நிலையத்தில் தினக்கூலி. மதிப்பெண் போடும்போது நான் எண்ணைச் சொல்வேன், அவள் எழுதுவாள். அவளுடைய ஏழு, ஒன்று போல இருக்காது. அதனால் அவளைத்தான் வைத்துக்கொள்கிறேன்.

இன்று கேட்டாள். "ஏன் சார், ஒரு நெல்லுக்கு நோயி வருது, பக்கத்துல நிக்கிற நெல்லுக்கு வரமாட்டங்கு? ரெண்டும் ஒரே தண்ணியதான குடிக்கி?"

சொன்னேன். எல்லா நெல்லுக்குள்ளும் ஆயுதம் இருக்கிறது, எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்கிறவன் ஒருவன் வேண்டும் என்று.

"மடையத் திறந்துவுடுதவன் மாதிரி?"

"அதே மாதிரிதான். ஒரு மடையத் திறந்தா நாப்பது வயலுக்குத் தண்ணி போகும்."

"அப்பம் மூடவும் தெரியணும்லா சார். எங்கூர்ல ஒருத்தன் தெறந்துட்டுப் போயி படுத்துட்டான். கீழத்தெரு பூரா நாத்து முங்கிப்போச்சு." சிரித்துக்கொண்டே அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள்.

முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு மூன்று கருத்தரங்கு ஆயிற்று.

நவம்பர் 17, ஞாயிறு

மகள் வீட்டிலிருந்து கோமதி போன் செய்தாள். மகளுக்கு இன்னும் உதவி தேவைப்படுகிறதாம், பொங்கலுக்கும் வர முடியாதாம். பேத்திக்கு நான்கு வயது ஆகிவிட்டது. இன்னும் என்ன உதவி என்று நான் கேட்கவில்லை. 417 இங்கே சோதனைக்கு வந்திருப்பதைச் சொன்னேன். "சுகர் பாத்தீங்களா?" என்றாள்.

பார்த்தேன். 212.

நவம்பர் 27, புதன்

பயிருக்கு இருபத்துமூன்று நாள். இன்று மாலை நோய் வித்துக்களைத் தெளிக்க வேண்டும். அதற்கு முன் காலையில் வழக்கம்போல ஒரு சுற்று. மூன்று நாளாக நல்ல பனி. அதிகாலையில் பதினேழு டிகிரி.

63இல் புள்ளி இருக்கிறது.

குண்டூசி முனை அளவு, பழுப்பு, ஒரு இலைக்கு முப்பது நாற்பது. லென்ஸ் போட்டுப் பார்த்தேன். புள்ளிக்கு நடுவில் சாம்பல் நிறம் இல்லை, பூஞ்சை இல்லை. இது பயிர் தன் செல்லைத் தானே கொன்ற தடம். நோய் நுழையும்போது எதிர்க்கத் தெரிந்த பயிர் இப்படித்தான் செய்யும். எங்கள் அட்டவணையில் இதற்கு மதிப்பெண் ஒன்று. பாராட்டுக்குரிய ஒன்று.

ஆனால் நோயை நான் இன்னும் தெளிக்கவில்லை. ஓரத்து ரகத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. பகைவன் வராமலேயே இந்தப் பயிர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

பேச்சித்தாய் வாளியோடு பின்னால் நின்றாள். "என்ன சார், ரொம்ப நேரமா அதையே பாத்துக்கிட்டிருக்கிய?"

"ஒன்னுமில்ல" என்றேன்.

மாலை ஐந்தரைக்குத் தெளித்து, பாலிதீன் போட்டு மூடினோம்.

நவம்பர் 29, வெள்ளி

மீந்த விதையைத் தொட்டியில் போட்டு ஆய்வக வளர்ப்பறையில் வைப்பது என் பழக்கம். வெளிக்காற்று புகாத அறை. அங்கே இருக்கும் 63இல் புள்ளியே இல்லை. பச்சென்று நிற்கிறது. அறை இருபத்தொன்பது டிகிரி. பதினெட்டுக்குக் குறைத்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். பரணில் இருந்தது, செல்லரித்திருந்தது. 2009 ஆகஸ்ட் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது: 'ஒற்றை மரபணு அல்ல. மேலே இருந்து ஒன்று எல்லாவற்றையும் ஏவுகிறது. அதைத் தேட வேண்டும்.'

எழுத்து சாய்ந்திருக்கிறது. நான் சாய்த்து எழுதுவதில்லை. அந்தக் காலத்தில் எபனேசரும் நானும் ஒரே பேனாவை மாற்றி மாற்றி எழுதினோம். அவசரத்தில் எழுதும்போது யார் எழுத்தும் சாயும். கையெழுத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

டிசம்பர் 6, வெள்ளி

வளர்ப்பறையில் ஏழே நாளில் புள்ளி வந்துவிட்டது. பூஞ்சை இல்லாத அறையில், சுத்தத் தொட்டியில், குளிர் மட்டும் போதுமாக இருந்தது. பக்கத்தில் வைத்த மலைச்சிவப்பனில் ஒன்றும் இல்லை.

இப்போது எல்லாம் விளங்குகிறது. மலைச்சிவப்பனில் எழுப்பும் புரதமும் இருக்கிறது, வேலை முடிந்ததும் அதைப் பிடித்து அடக்கும் இன்னொரு புரதமும் எங்கோ வேறொரு இழையில் இருக்கிறது. எபனேசர் கலப்புச் செய்து தேர்ந்தெடுத்தபோது முதலாவது வந்தது, இரண்டாவது தங்கிவிட்டது. வெப்பத்தில் அது தெரியாது. தலைமையகத்துச் சமவெளியில் எந்த மாதமும் தெரியாது. இங்கே, பிசானப் பருவத்துப் பனியில் தெரியும். இப்படி ஓயாமல் விழித்திருக்கும் பயிர் வளராது. கிளைத்துத் தூர் கட்டாது. இருக்கிற சத்தையெல்லாம் காவலுக்கே செலவழித்துவிட்டுக் கதிருக்கு ஒன்றும் மிச்சம் வைக்காது.

எனக்கு இன்று மனம் நிறைவாக இருக்கிறது. நீண்ட நாளுக்குப் பிறகு.

என்னிடம் கேட்டிருப்பது குலை நோய் மதிப்பெண். அதை நேர்மையாகப் போடுவேன். படிவத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எந்த நிலையத்திலும் யாரும் எதுவும் எழுதுவதில்லை. எழுதினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். நானும் எழுதப் போவதில்லை. மேடை போட்டு வெளியிடட்டும். சால்வை போர்த்தட்டும். அடுத்த பிசானத்தில் மலையடிவாரம் முழுவதும் கருகி நிற்கும்போது யாருடைய நெல் என்று ஊரே கேட்கும். அப்போது முதல் பெயர் யாருடையது என்று நானும் சொல்வேன்.

டிசம்பர் 9, திங்கள்

வேளாண்மை அலுவலகம் 417ஐ வயலில் நட்டுக் காட்டும் சோதனைத் திடல் போடுகிறதாம். இந்த வட்டாரத்தில் மூன்று விவசாயிகளிடம். அதில் ஒன்று பேச்சித்தாய். அவளுக்குக் குளத்துப் பாசனத்தில் அரை ஏக்கர் குத்தகை இருப்பது எனக்குத் தெரியும். அந்த அரை ஏக்கரில்தான் வீட்டுக்கு வருடத்துச் சாப்பாடு.

மதியச் சாப்பாட்டு வேளையில் வந்து நின்றாள்.

"சார், 417 வெத குடுத்துருக்காவ. நாளக்கழிச்சு நாத்து பாவணும். போடலாமா?"

"ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?"

"அவுக நோயே அண்டாதுன்னு சொல்லுதாவ. நீங்கல்லா காலைலயும் சாயங்காலமும் இதுலயே கெடக்கிய. அதான் உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடலாம்னு."

"அது மேலிடத்து முடிவு. நான் எதுவும் சொல்லக் கூடாது."

"சொல்லக் கூடாதுன்னா, நல்லதுன்னு சொல்லக் கூடாதா, கெட்டதுன்னு சொல்லக் கூடாதா?"

"ரிசல்ட் வரட்டும்."

"ரிசல்ட் வரதுக்குள்ள எனக்குப் பருவம் போயிருமே சார்." சிரித்தாள். "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருவிய. உங்கள எனக்குத் தெரியாதா? ஒண்ணுஞ் சொல்லலன்னா, சரிதான்."

நான் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு விதிப்படி பதில் சொன்னேன். சோதனையில் இருக்கும் வரிசையைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று எழுத்தில் இருக்கிறது. பிரிவு 14.

டிசம்பர் 10, செவ்வாய்

மழை, 14 மி.மீ. பிரிவு 14ஐ எடுத்துப் பார்த்தேன். பயிருக்குக் கேடு தெரிந்தால் உடனே தெரிவிக்கலாம் என்று துணைப் பிரிவு ஒன்றும் இருக்கிறது. 'தெரிவிக்கலாம்' என்றுதான் இருக்கிறது. 'வேண்டும்' என்று இல்லை.

டிசம்பர் 11, புதன்

பேச்சித்தாய் விடுப்பு.

டிசம்பர் 20, வெள்ளி

மதிப்பெண் போட்டோம். ஓரத்து ரகம் முழுவதும் வெந்து கிடக்கிறது, ஒன்பது. நான் குனிந்து சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டே வந்தாள். அறுபத்தொன்று, ஐந்து. அறுபத்திரண்டு, ஏழு. அறுபத்துமூன்று, ஒன்று.

பேனா நின்றது. "இது முன்னாலயே இருந்துச்சுல்லா சார்? நாம தெளிக்கதுக்கு முன்னாலயே?"

"எண்ண மட்டும் எழுது."

எழுதினாள். பிறகு மிச்ச ஐம்பத்தேழு வரிசையையும் தலை தூக்காமல் எழுதி முடித்தாள்.

டிசம்பர் 25, புதன்

விடுமுறை. துணி துவைத்தேன். பல வருடத்துக்கு முன் இதே நாளில் எபனேசர் வீட்டில் சாப்பிட்டது ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. அவன் அம்மா என் இலையில் மட்டும் இரண்டாவது தடவை கேட்காமல் வைப்பார்கள்.

ஜனவரி 4, சனி

பேச்சித்தாய் நட்டுவிட்டாளாம். படிவங்களைத் தலைமையகத்துக்கு அனுப்பினேன். குறிப்புக் கட்டம் நூற்றிருபது வரிசைக்கும் காலி.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

குளத்துக் கரை வழியாக பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அது சுற்று வழி. காலாற நடக்க டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அவள் வயல் தூரத்திலிருந்தே தெரிந்தது. சுற்றிலும் பச்சை, நடுவில் ஒரு துருப்பிடித்த தகரம் போல. பக்கத்து வயலில் பயிர் முழங்காலைத் தாண்டிவிட்டது. இங்கே சாண் உயரம். ஒரு குத்துக்கு இரண்டே தூர். இலை நுனியெல்லாம் காய்ந்து சுருண்டிருந்தது. பேச்சித்தாய் வரப்பில் உட்கார்ந்து ஒரு இலையைக் கிழித்துக் கிழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யூரியா ரெண்டு தடவ போட்டுட்டேன் சார். நோயி ஒண்ணும் இல்லேன்னு ஆபீசர் பாத்துட்டுப் போய்ட்டாரு. நோயி இல்லைன்னா பொறவு ஏன் சார் வளரமாட்டங்கு? தண்ணி நிக்கி. உரம் நிக்கி. ஏக்கமா இருக்கு பாக்கதுக்கு. ஏதோ பயந்த புள்ள மாதிரி."

"பாத்துச் சொல்றேன்" என்றேன்.

அவள் இலையை என் கையில் கொடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேசை மேல் இருக்கிறது.

ஜனவரி 22, புதன்

பதினொரு மணிக்கு அலுவலகப் போன்.

"சைலமா?"

என்னை அப்படிக் கூப்பிட இப்போது ஆள் யாரும் இல்லை. சிவசைலம் சார், அல்லது டாக்டர். பதினைந்து வருடத்தில் குரல் உடைந்திருக்கிறது.

"சொல்லுங்க டைரக்டர்."

"டைரக்டர் கெடக்கட்டும்ல. ஒரு திடல்ல இருந்து போட்டோ அனுப்பிருக்காங்க. பயிர் எந்திரிக்கவே இல்ல. உன் படிவத்த எடுத்துப் பாத்தேன். 63க்கு ஒண்ணு போட்டிருக்க."

"ஒண்ணுதான் வந்துது."

"குறிப்புல ஒண்ணுமே இல்லையே."

"யாரும் எழுதறதில்ல."

"நீ எழுதுவியேல. நாம சேந்திருந்தப்ப எழுதி எழுதித்தான நாலு மெமோ வாங்குன?"

அவனே தொடர்ந்தான். மூன்று வருடத்துக்கு முன் மலைமேல் ஓர் இடத்தில் இரண்டு தொட்டி வைத்துப் பார்த்தானாம். குளிரில் புள்ளி வந்ததாம். இரண்டு தொட்டியை வைத்து யாரிடம் பேச முடியும்? மற்ற ஐந்து நிலையமும் அருமை என்று எழுதிவிட்டன. திடல் போடச் சொல்லி மேலிருந்து நெருக்கடி.

"அதான் உன் நிலையத்துக்கு அனுப்பச் சொன்னேன். அங்க குளிரும். நீயும் இருக்க. என் வேலைல குத்தம் கண்டுபிடிக்க உன்ன விட்டா ஆளு யாரு?" சிரித்தான். இருமலில் முடிந்தது. "டிசம்பர் அஞ்சு வரைக்கும் உன் கடுதாசி வரும்னு பாத்தேன். ஏசித்தான் எழுதுவ. எழுதட்டும்னு இருந்தேன். வரல. சரி, சைலத்துக் கண்ணுல படலன்னா புள்ளி இல்லன்னு திடலுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"புள்ளி இருக்கு" என்றேன்.

"எப்பம் பாத்த?"

"நேத்து."

அவனுக்குப் பின்னால் யாரோ கோப்பு வேண்டும் என்று கேட்பது கேட்டது.

"நேத்தா" என்றான். "சரி. உன் கையால ஒரு அறிக்கை அனுப்பு. நான் வெளியீட்ட நிறுத்திருதேன்." போனை வைத்துவிட்டான்.

ஜனவரி 23, வியாழன்

அறிக்கை தட்டச்சு செய்தேன். இரண்டு பக்கம். விளக்கம் துல்லியமாக வந்திருக்கிறது. 'முதலில் கண்ட நாள்: ஜனவரி 21.'

அனுப்பவில்லை. இணைய இணைப்பு சரியில்லை.

ஜனவரி 24, வெள்ளி

காலை ஏழு மணிக்குக் குளத்துக் கரைக்குப் போனேன். பேச்சித்தாய் மடையில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தாள்.

"இது எந்திரிக்காது பேச்சித்தாய்" என்றேன். "உரம் போட்டும் பிரயோஜனமில்ல. விதையிலயே இருக்கற கோளாறு. இந்தக் குளிருக்கு அது தன்னைத் தானே அரிச்சுக்கும்."

"வெயில் வந்தா?"

"பச்சை திரும்பும். கதிர் இருக்காது."

வயலைப் பார்த்தாள். வேறு நெல் போடலாமா என்று அவள் கேட்கவில்லை. குளம் மாசி வரைக்கும்தான் தாங்கும். அது என்னைவிட அவளுக்குத் தெரியும்.

"ஆபீசருக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது."

"உங்களுக்கு எப்பம் தெரியும்?"

அவளிடமும் நேற்று என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, வயலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி இருந்தும் வரவில்லை.

"நவம்பர் இருபத்தேழு."

அவள் விரல் விட்டு எண்ணவில்லை. தேதிகளை எழுதியவள் அவள்தான். "நான் பாவுததுக்கு ரெண்டு வாரம் முந்தி."

"ஆமா."

"சாப்பிடும்போது வந்து கேட்டேன்."

"கேட்டீங்க."

"ஒண்ணுஞ் சொல்லலன்னா சரிதான்னு நெனச்சேன்." பிறகு, "எம்மேல என்ன சார் கோவம் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்று சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று எனக்குத் தெரிந்தது. யாரோ ஒருவன் மேல் இருந்த கோபத்துக்கு அவள் குறுக்கே நின்றிருக்கிறாள், அவ்வளவுதான் என்று அவளிடமே சொல்லிவிட்டேன்.

அவள் மடைக்குப் போய்த் தண்ணீரை அடைத்தாள். திரும்பி வந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"அறுத்து மாட்டுக்குப் போடலாமா, அதுக்கும் ஆகாதா?"

"போடலாம். மாட்டுக்கு ஒன்னும் செய்யாது."

"அதையாவது கேட்ட அன்னைக்கே சொன்னிய" என்றாள்.

ஜனவரி 25, சனி

அறிக்கையில் தேதியை அடித்துத் திருத்தினேன். முதலில் கண்ட நாள்: நவம்பர் 27. உறுதி செய்த நாள்: டிசம்பர் 6. அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'இடைப்பட்ட நாட்களில் தெரிவிக்காதது என் தனிப்பட்ட முடிவு.' காரணம் எழுதவில்லை. எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்தேன். எந்தக் காரணத்தை எழுதினாலும் அதில் 2009 வந்துவிடுகிறது.

தலைமையகத்துக்குத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். ஒரு பிரதி எபனேசருக்கு. ஒரு பிரதியை மடித்து, பேச்சித்தாய் வீட்டுக்கு நடந்து போய்க் கொடுத்தேன். நஷ்டஈடு கேட்க அது அவளுக்கு வேண்டியிருக்கும். கதவில் நின்றே வாங்கிக்கொண்டாள். என் முன்னால் பிரித்து, தேதி இருந்த இடம் வரைக்கும் விரலை ஓட்டி வாசித்தாள். அதற்குக் கீழே இருந்த வரியையும் வாசித்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.